பூட்டிய கதவு: கடிதம்

ஐயா,

நியூஜெர்சியில் பதினோராம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். முற்போக்குச் சீர்திருத்தக் காலத்தை பிரச்சினை, போராடியவர், வந்த சட்டம் என்று மூன்று பத்தி அட்டவணையாகக் கொடுக்கிறேன். மனப்பாடம் செய்கிறார்கள், ஆனால் வகுப்பே தூங்குகிறது. ஏதாவது படம் போட்டுக் காட்டலாமா? மதுவிலக்கையும் பெண்கள் வாக்குரிமையையும் எந்த வரிசையில் வைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எந்த வரிசையில் வேண்டுமானாலும் வையுங்கள். படம் போடுவதும் உங்கள் இஷ்டம். முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். சட்டம் இல்லாததால் கொடுமை நடந்தது, சட்டம் வந்ததும் நின்றது என்கிறது அது. பதினாறு வயதுப் பிள்ளைக்கே அது பொய் என்று தெரியும். தூங்காமல் என்ன செய்யும்?

ட்ரையாங்கிள் என்ற தையல் ஆலையில் பிடித்த தீயை எடுங்கள். நியூயார்க், 1911 மார்ச் 25. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்களை ஒரே வாசலில் நிறுத்தி, துணி திருடுகிறார்களா என்று கைப்பையைச் சோதிப்பதற்காக. வேலை நேரத்தில் ஆலைக் கதவைப் பூட்டக் கூடாது என்று நியூயார்க் தொழிலாளர் சட்டத்தின் 80ஆம் பிரிவு தீக்கு முன்பே சொல்லியிருந்தது! கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றும் இருந்தது, 'இயன்ற இடத்தில்' என்ற ஒட்டோடு. படிக்கட்டுக்கும் கதவுக்கும் நடுவே இடமில்லை. கதவு உள்பக்கமே திறந்தது.

வகுப்பில் முதலில் அந்தப் பிரிவை மட்டும் கொடுங்கள். ஓட்டையை அவர்களே தேடட்டும். பிணங்களின் புகைப்படத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். அழுதுவிட்டால் பிறகு ஒருவரும் சட்டத்தைப் படிக்க மாட்டார்கள்.

அடுத்து வழக்கு. தீயில் இறந்த ஒரு பெண்ணின் சாவுக்காக ஆலை முதலாளிகள் இருவர் மீது நடந்தது. பிள்ளைகளை ஜூரியாக உட்காரவைத்து 'குற்றவாளிகளா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், பாடம் அங்கேயே செத்துவிடும். நீதிபதி ஜூரிக்குச் சொன்னபடி பிரித்துக் கேளுங்கள். கதவு பூட்டியிருந்ததா? அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியுமா? அதனால்தான் அந்தப் பெண் இறந்தாளா? ஒவ்வொன்றுக்கும் தனித் துண்டுச்சீட்டு. இரண்டாவது சீட்டில் கை தயங்கும். உண்மையான ஜூரியும் அங்கேதான் தடுக்கி, 1911 டிசம்பரில் விடுதலை என்றது. 1913இல் அதே முதலாளிகளில் ஒருவர், மாக்ஸ் பிளாங்க், புதிய ஆலையில் மறுபடியும் கதவைப் பூட்டி மாட்டிக்கொண்டார். அபராதம் 20 டாலர். இதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வகுப்பில், தீக்குப் பிறகு ஆலைகளை ஆராய நியூயார்க் மாநிலம் அமைத்த விசாரணைக் கமிஷன். அதை நடத்திய ராபர்ட் வாக்னரும் அல் ஸ்மித்தும் மாநிலச் சட்டமன்றத் தலைவர்கள், நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் அமைப்பின் ஆட்கள். சீர்திருத்தக்காரர்கள் ஊழலின் கூடாரம் என்று திட்டிய அதே டாமனி ஹால். உங்கள் அட்டவணையில் 'பிரச்சினை' பத்தியில் இருப்பவர்கள்.

உங்கள் சோர்வு புரிகிறது. இரண்டு வாரத்தில் முப்பது வருடத்தை முடிக்கச் சொல்கிறார்கள். அட்டவணை இல்லாமல் முடியாதென்றால், மூன்றாம் நாள் கட்டங்களை வெறுமையாகக் கொடுங்கள். வாக்னரையும் ஸ்மித்தையும் எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். நீங்கள் நடுவில் போய் விடை சொல்லிவிடாதீர்கள்.