கடைசி வேலை நாளா, கடிதம் வந்த நாளா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் எச்-1பி விசாவில் இருந்தேன். 2025 மார்ச் 4 அன்று பணிநீக்கக் கடிதம் தந்தார்கள். கடைசி வேலை நாள் ஏப்ரல் 30. நான் இந்தியன் என்பதுதான் காரணம் என்று நம்புகிறேன். எச்.ஆரிடம் கொடுத்த புகாருக்கு, அக்டோபர் பிறந்தும் பதில் இல்லை. அரசு ஆணையத்தில் புகார் கொடுக்க 300 நாள் அவகாசம் உண்டாமே, பிப்ரவரி வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள். ஏப்ரல் 30-இலிருந்து எண்ணியிருக்கிறீர்கள். முடிவு ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்ட நாளே தொடக்கம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் ரிக்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியானால் ஈஈஓசி எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் உங்களுக்குக் கடைசி நாள் 2026 பிப்ரவரி 24 அல்ல. 2025 டிசம்பர் 29. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். கடைசி நாளே விடுமுறையாக இருந்தால் மட்டும் அடுத்த வேலை நாள்.

எச்.ஆர். விசாரணை நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இந்த 300 நாளும் எல்லா மாநிலத்திலும் கிடையாது. அடிப்படைக் கெடு 180 நாள். பாகுபாட்டுக்கு எதிராகத் தனிச் சட்டமும் அதை அமல்படுத்த அமைப்பும் உள்ள மாநிலங்களில்தான் 300. ஜார்ஜியாவில் தனியார் ஊழியருக்கு 180-தான். மத்திய அரசு ஊழியருக்கு வழியே வேறு: 45 நாளுக்குள் தன் துறையின் ஈஈஓ (சம வேலைவாய்ப்பு) ஆலோசகரை அணுக வேண்டும். நியூ ஜெர்சியின் குடிமை உரிமைப் பிரிவும் புகார் வாங்கும், ஆனால் அதன் கெடு 180 நாள்தான். மாநிலச் சட்டத்தின் கீழ் நேரே நீதிமன்றம் போக 2 ஆண்டு உண்டு.

ஈஈஓசி இணையதளத்தில் முதலில் நிரப்பும் விசாரிப்புப் படிவத்தையே புகார் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அதன்பின் நேர்காணல், பிறகு தயாராகும் ‘சார்ஜ்’ ஆவணத்தில் நீங்கள் கையெழுத்திட்டால்தான் புகார். நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம், எனவே இந்த வாரமே தொடங்குங்கள்.

முன்பு பதவி உயர்வு மறுத்திருந்தால் அந்த மறுப்புக்குத் தனிக் கெடு. அது கடந்திருந்தாலும் பின்னணிச் சான்றாக எழுதுங்கள். விசா முடிந்தாலும் புகார் உரிமை போகாது. நிறுவனத்தில் குறைந்தது 15 ஊழியர்கள் இருந்திருக்க வேண்டும்.

வழக்குத் தொடரலாம் என்ற கடிதத்தை ஈஈஓசி அனுப்பினால், கையில் கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். இப்போது அது மின்னஞ்சல் அறிவிப்போடு போர்ட்டலில் வருகிறது. ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.