‘ஃபோன்ஸே’ ஓடுவதா, மாவு பரப்புவதா?

வணக்கம். பிரெஞ்சு படித்து வருகிறேன். ‘ஃபோன்ஸே’ என்றால் வேகமாகப் பாய்வது என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் ஒரு பழ டார்ட் செய்முறை ‘ஃபோன்ஸே ல மூல்’ என்கிறது. மூல் என்றால் அச்சுதானே, அதற்குள் பாய்வதா? ஓடுவதற்கு ‘கூரிர்’ இருக்கும்போது இந்தச் சொல் எதற்கு?
– க.

அன்புள்ள க.,

பயப்படாதீர்கள், அச்சுக்குள் யாரும் குதிக்க வேண்டாம். அடிப்பாகத்தைக் குறிக்கும் ‘ஃபோன்’ என்ற பெயர்ச்சொல்தான் இதற்கு வேர். பீப்பாய்க்கு அடிப்பலகை பொருத்துவது பழைய பொருள். அச்சின் உட்புறம் முழுக்க மாவு பரப்புவது அடுப்படிப் பொருள். 24 செ.மீ. அச்சுக்கு 30 செ.மீ. வட்டம், 3 மி.மீ. கனம். மாவை இழுத்துப் பொருத்தினால் சூட்டில் விளிம்பு சுருங்கி இறங்கிவிடும். தளர்வாக இறக்கி, மூலைகளை விரலால் அழுத்தி, அரைமணி நேரம் குளிரில் வைத்துவிட்டுச் சுடுங்கள்.

இனி பாய்ச்சல். ‘கூரிர்’ காலால் ஓடுவது. ‘ஃபோன்ஸே’க்குக் கால் தேவையில்லை, காரும் செய்யும், காளையும் செய்யும். வேகத்தோடு, அக்கம்பக்கம் பாராமல் நேரே போவதும் அதில் உண்டு. கூட வரும் முன்னிடைச்சொல்லைக் கவனியுங்கள். ‘சியூர்’ (மேல்) வந்தால் ஒருவரை நோக்கிப் பாய்ந்தது. இடித்ததா என்று தெரியாது. ‘தாங்’ (உள்ளே) போட்டுச் சுவரையோ இன்னொரு காரையோ சொன்னால் இடித்தேவிட்டது. விபத்தைப் பற்றி எழுதும்போது இதை மாற்றிவிடக் கூடாது.

‘போ’, ‘வா’ வினைகளுக்கு இறந்தகாலத்தில் ‘ஏத்ர்’ (இரு) துணைவினை என்று படித்தவர்கள் இங்கேயும் அதையே போட்டு ‘ழெ ஸ்வீ ஃபோன்ஸே’ என்பார்கள். அதற்கு ‘நான் கருநிறம்’ என்று பொருளாகிவிடும், ஏனென்றால் அடர்நிறத்துக்கும் இதுதான் சொல். ‘நான் பாய்ந்தேன்’ என்பதற்கு ‘ழே ஃபோன்ஸே’ என்பதே சரி, துணைவினை ‘அவ்வார்’ (உடைத்தாயிரு).

எழுத்திலும் ஒரு பொறி இருக்கிறது. விகுதி ‘ஆ’விலோ ‘ஓ’விலோ தொடங்கினால் ‘ஸே’ (c) எழுத்தின் அடியில் வால் (ç) போட வேண்டும். ‘நூ ஃபோன்ஸோன்’ (நாங்கள் பாய்கிறோம்) என்பதில் அதை விட்டால் ‘ஃபோன்கோன்’ என்று படிப்பார்கள். ‘இ’க்கு முன் வால் வேண்டாம்.

தயங்கி நிற்கும் நண்பரிடம் ‘ஃபோன்ஸ்!’ என்றால் ‘துணிஞ்சு இறங்கு!’ என்று அர்த்தம். இது பேச்சுவழக்குச் சொல். அலுவலகக் கடிதத்தில் பாய்ந்து விரைவதற்கு ‘ஸெ ப்ரெஸிபிதே’ எழுதுங்கள். அதற்குத்தான் ‘ஏத்ர்’ வரும்.