என் டீம் இறங்கிவிட்டது, இந்த சீசனை எப்படிப் பார்ப்பது?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 43 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறோம். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், கேரளம். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால்பந்துதான் உயிர். நானும் ஒரு காலத்தில் ஊர் டீமில் பேக், அதாவது கோலைக் காக்கும் தடுப்பாட்டம், ஆடியவன்.

இதை ஒரு பிரச்சனை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மூன்று மாதமாக ஒழுங்கான தூக்கம் இல்லை. நான் லெஸ்டர் சிட்டி என்ற இங்கிலாந்து கால்பந்து டீமின் ரசிகன். 2016 மே 2, ஷார்ஜாவில் எட்டுப் பேர் தங்கும் அறை. பின்னால் துரத்தி வந்த டாட்டன்ஹாம் செல்சியோடு 2–2 என்று முடித்ததும் லெஸ்டர் சாம்பியன். எனக்கு அப்போது மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. அந்த நள்ளிரவில் வீட்டுக்கு ஃபோன் போட்டு, நான்கு வயது மகனை எழுப்பச் சொல்லி, "நம்ம டீம் ஜெயிச்சிட்டு மக்களே" என்று அழுதேன். அந்த டீம் கொடுத்த தெம்பில்தான் மிச்ச வருடங்களை அங்கே ஓட்டினேன்.

அப்படிப்பட்ட டீம் 2023-இல் முதல் டிவிஷனில் இருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. மறு வருடமே 97 புள்ளியோடு மேலே வந்தது. இப்போது 2025-இல் மறுபடி கீழே. வெறும் 25 புள்ளி. சொந்த மைதானத்தில் தொடர்ந்து 9 லீக் ஆட்டம், ஒரு கோல்கூட அடிக்காமல் தோல்வி. ஒன்பதாவதுதான் ஈஸ்டர் ஞாயிறு ராத்திரி லிவர்பூலோடு நடந்தது. 76-ஆவது நிமிடம் கோல் விழுந்தது, கதை முடிந்தது. ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். இப்போது அதை இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறோம்.

அந்த டிஃபென்ஸை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. காலில் உரமில்லாதவன்கள், கூலிக்கு மாரடிக்கிறவன்கள். இவன்களை நம்பி நிற்க வைத்ததே தப்பு. எங்களுக்குக் கோல் அடித்துக் கொடுத்த வார்டியும் போய்விட்டார், 500-ஆவது ஆட்டத்தில் 200-ஆவது கோல் அடித்துவிட்டு. டீக்கடையில் லிவர்பூல் பயல்கள், "எலே, ஒன் டீமு இனி எந்த சானல்ல வரும்?" என்று கேட்கிறான்கள். மனைவி, "இங்கிலாந்துல எவனோ தோத்ததுக்கு இங்க ஏன் சோறு திங்காம கெடக்கியோ" என்கிறாள். அவளுக்கு எங்கே புரியும்?

வீட்டில் பந்து பற்றிப் பேச ஆளே இல்லை. முன்பு மகன் கூட உட்கார்ந்து பார்ப்பான். எட்டாம் வகுப்பு. ஸ்கூல் டீமில் பேக் ஆடினான். திருவனந்தபுரத்தில் 1,800 ரூபாய்க்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன், இப்போது அது வராந்தா ஆணியில் தொங்குகிறது. போன மாதம் ஒரு மேட்சில் அவன் எதிர் டீமுக்குப் பெனால்டி கொடுத்து, தோற்றார்கள். நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீயும் அந்த லெஸ்டர் டிஃபென்ஸும் ஒண்ணுதான்" என்று விளையாட்டாகச் சொன்னேன். டீமை விட்டே நின்றுவிட்டான். அதுவும் பத்து நாள் கழித்து அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது வேறு விஷயம்.

நான் கேட்க வந்தது, ஆகஸ்டில் புது சீசன் வருகிறது. இரண்டாம் டிவிஷனில் 46 ஆட்டம். இரண்டு தடவை இறங்கிய டீமை மூன்றாம் தடவை எப்படி நம்புவது? வார்டியும் இல்லை. ஒரு வருடம் பார்க்காமலே இருந்துவிட்டால் மனம் ஆறுமா?

— கடற்கரை வாசகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் வருத்தத்தில் கூச்சப்பட எதுவும் இல்லை. சம்பளம் வராமல் அயல்நாட்டில் கிடந்த மனிதனுக்குக் கைகொடுத்த டீம் அது. அது விழுந்தால் உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். டீக்கடைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. மகனைப் பற்றி எழுதிவிட்டு, "அது வேறு விஷயம்" என்று முடித்துவிட்டீர்களே, அந்த இடம். என் கண்ணுக்கு அந்த ஒரு விஷயம்தான் தெரிகிறது.

ஈஸ்டர் முதல் உங்கள் வீட்டில் அந்த டிஃபென்ஸுக்கு என்னென்ன பெயர் கிடைத்தது என்று பாருங்கள். காலில் உரமில்லாதவன்கள். கூலிக்கு மாரடிக்கிறவன்கள். நிற்க வைத்ததே தப்பு. முகம் தெரியாத எனக்கே இப்படி எழுதுகிறீர்கள் என்றால் வீட்டுக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் அந்தப் பையன். ரிமோட் சுவரில் பட்டதையும் அவன் பார்த்திருப்பான். பிறகு ஒருநாள், தன்னால் தோற்றோம் என்று நொந்து வீட்டுக்கு வருகிறான். "நீயும் அவங்களும் ஒண்ணுதான்" என்கிறீர்கள். நீங்கள் சொன்னது ஒரே வரி. அவன் காதில் விழுந்தது அத்தனை மாத வசவும்.

விளையாட்டாகச் சொன்னேன் என்பதை நான் ஏற்கமாட்டேன், மன்னியுங்கள். பதின்மூன்று வயதில், தோற்றுவிட்டு வந்த அன்றைக்கு, அப்பா வாயிலிருந்து வருவதில் விளையாட்டு இல்லை. நிற்க வைத்ததே தப்பு என்று நீங்கள் சொல்லும்முன் அவனே விலகிக்கொண்டான். உங்களிடம் மறைத்ததும் திமிரில் இல்லை. இந்த வீட்டில் தோற்றவனுக்கு என்ன மரியாதை என்று அவனுக்குத் தெரியும்.

இன்னொன்று. லெஸ்டரை அவன் தேடிப் போய்ப் பிடிக்கவில்லை. நான்கு வயதில் தூக்கக் கலக்கத்தில், ஃபோனில், அப்பாவின் குரலாக அது அவனுக்கு வந்தது. "நம்ம டீம்" என்றீர்களே, அந்த "நம்ம"தான் அவனுக்குக் கிடைத்தது. தூரத்தில் இருந்த அப்பாவோடு அவனுக்கு இருந்த கயிறு அது. அதே டீமின் பெயரைச் சொல்லி அவனைத் தள்ளிவிட்டீர்கள். உங்களுக்குத் தூக்கம் வராததில் 25 புள்ளிக்கு எவ்வளவு பங்கு, அந்த ஆணியில் தொங்கும் பூட்ஸுக்கு எவ்வளவு பங்கு என்று ஒருநாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து யோசியுங்கள்.

உங்கள் டீமின் கதையை நான் தேடிப் படித்தேன். 2013 மே 12, வாட்ஃபோர்டோடு பிளே ஆஃப், மேல் டிவிஷனுக்கு ஏற ஆடும் ஆட்டம். கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியை லெஸ்டரின் நாக்கார்ட் அடிக்கிறார். கோல்கீப்பர் தடுக்கிறார், திரும்பி வந்த பந்தையும் தடுக்கிறார். அதே பந்து மறுமுனைக்குப் போய் லெஸ்டர் வலையில் கோலாக விழுகிறது. மேலே ஏறும் வாய்ப்பு போயிற்று. மறு சீசன் 102 புள்ளியோடு லெஸ்டர் மேலே வந்தபோது அந்த நாக்கார்ட் டீமில் இருந்தார். வார்டியும் அங்கே முதல் சீசனில் மனமுடைந்து, பந்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர். பயிற்சியாளர்கள் உட்கார வைத்துப் பேசி நிறுத்தினார்கள். 16 வயதில் உயரம் போதவில்லை என்று ஒரு கிளப் அனுப்பிவிட்ட பையன் அவர். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா, அல்லது 2016 மட்டும்தான் சொன்னீர்களா?

அவனை உடனே டீமுக்குத் திரும்பு என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கூட சாரிடம் போய்ப் பேசவும் வேண்டாம், அது இன்னும் அவமானம். 1,800 ரூபாய்க் கணக்கை இனி எடுக்கவே கூடாது. ஒரு சாயங்காலம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு மக்களே" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனாலும்" என்று எதையும் பின்னால் ஒட்ட வேண்டாம். நீங்கள் பேக் ஆடிய காலத்தில் உங்களால் விழுந்த கோல் ஒன்றாவது இருக்கும். பிறகு ஒருநாள் அதைச் சொல்லுங்கள். அந்தப் பெனால்டியைப் பற்றி அவனாக வாய் திறந்தால் கேளுங்கள், திருத்தாதீர்கள்.

சீசனைப் பார்க்காமல் இருக்கலாமா என்று கேட்டீர்கள். பாருங்கள். 46 ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டாவது தோற்பார்கள், மேலே ஏறுகிற டீம்கூடச் சில ஆட்டம் தோற்றுத்தான் ஏறும். அந்த ராத்திரிகளில் உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதை உள் அறையிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருப்பான். முதல் ஆட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் இடம் விட்டு உட்காருங்கள். வந்தால் வரட்டும். பூட்ஸ் ஆணியிலேயே இருக்கட்டும், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.