உடற்கல்விப் பாடவேளையில் மரத்தடியில் உட்காரும் பெண் பிள்ளைகளை விளையாட வைப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் விளையாட்டு வேளையில் தோழிகளோடு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குச் சோம்பல் என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிற எனக்கு, அந்த மரத்தடியில் உட்காருபவர்களை நன்றாகத் தெரியும். நாளுக்கு ஒரு மணி நேரமாவது உடல் இயங்க வேண்டிய 11 முதல் 17 வயதினரில், உலக அளவில் ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினரும் பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினரும் அந்த அளவை எட்டுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டார்கள். இத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது.

நான் பணியில் சேர்ந்தபோது எங்கள் மைதானத்தில் கோ-கோதான் பிரதானம். அதில் எட்டுப் பேர் குந்தியிருக்க, ஒருத்தி துரத்த, மூவர் ஓடுவார்கள். ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரே நேரத்தில் ஓடுவது நால்வர்தான், அவர்களும் குறுவட்டப் போட்டிக்கு ஏற்கெனவே தேர்வானவர்கள். கோ-கோவைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். நானே அந்த ஆட்டத்தில் வளர்ந்தவள். ஆனால் வகுப்பு முழுவதையும் இயங்க வைக்க அது மட்டும் போதாது.

ஆகவே வேப்பமரங்களுக்கு இடையே கயிறுகளைக் கட்டி, ரப்பர் வளையங்களை வாங்கி, இரண்டிரண்டு பேராக ரிங் விளையாடச் சொன்னேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சீருடைத் துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்தியிருந்ததால் கையை உயர்த்தும்போதெல்லாம் துணி இழுத்தது; ஒரு கை வளையத்துக்குப் போனால் மறு கை துப்பட்டாவுக்குப் போனது. தலைமையாசிரியையிடம் மன்றாடி, விளையாட்டு வேளை உள்ள நாள்களில் டிராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் அணிந்து வர அனுமதி பெற்றேன். சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். மைதானத்துக்கு வந்து பாருங்கள் என்று அழைத்தேன். எப்போதும் தலைவலி என்று ஒதுங்கி நின்ற ஒரு மாணவி, மணி அடித்த பிறகும் வளையத்தைத் திருப்பித் தர மனமில்லாமல் நின்றதை அவளுடைய அம்மாவே பார்த்தார்.

இவ்வளவு செய்தும் பத்தாம் வகுப்புக்கு வந்தவுடன் அந்த வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தேர்ச்சி விகிதம் முக்கியமில்லையா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: முக்கியம்தான், ஆனால் வாரத்தில் இரண்டு வேளை ஓடியதால் தோற்ற பிள்ளை ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. தாமதமாக வருவோரை வாயிலில் நிறுத்தவும் வழிபாட்டு வரிசையைச் சரிசெய்யவும் தேவைப்படுகிற உடற்கல்வி ஆசிரியர், தன் பாடவேளையைக் கேட்கும்போது மட்டும் வேண்டாதவராகிவிடுகிறார் என்பது எங்களில் பலருக்கும் உள்ள மனக்குறை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், கால அட்டவணையில் உள்ள உடற்கல்வி வேளைகளில் பிள்ளைகள் உண்மையில் எங்கே இருக்கிறார்கள் என்றும், அன்று என்ன உடை அணியலாம் என்றும் கேளுங்கள். மாதவிடாய் நாள்களில் வலி இருந்தால் ஓய்வு எடுக்கட்டும், இல்லையென்றால் தாராளமாக விளையாடலாம் என்பதை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்பட்டே பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள்.