ஆலைப் புகையிலிருந்து பிடித்த கார்பன் டை ஆக்சைடைக் கப்பலில் கொண்டுபோய்க் கடலடியில் சேமிப்பது பாதுகாப்பானதா? செலவு கட்டுப்படியாகுமா? கப்பலில் இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா?

கடைசிக் கேள்வியைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளை யாரோ இந்தக் கப்பலில் சேரப்போகிறார் என்று நினைக்கிறேன். இந்த விஷயத்தைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள், கப்பலில் வேலை செய்கிற ஆளை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

நான் காஸ் கப்பல்களில் வேலை பார்த்தவன். குளிர்பான ஆலைகளுக்குத் திரவ கார்பன் டை ஆக்சைடு ஏற்றும் சின்னக் கப்பலிலும் இருந்திருக்கிறேன். எந்த எண்ணெய் நிறுவனத்துக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. இந்தத் திட்டமெல்லாம் புகை விடுவதற்குச் சாக்கு என்று சொல்பவர்கள் அதைத் தனியாக விவாதிக்கட்டும், அதிலும் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது வால்வுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் திரவமாக இருக்கவே இருக்காது. சுமார் 5.2 பாருக்குக் கீழே (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் கிட்டத்தட்ட 1 பார்) அழுத்தம் இறங்கினால் நேராக உறைந்து டிரை ஐஸ் ஆகிவிடும். அதனால் எப்போதும் அழுத்தத்திலும் குளிரிலும் வைத்தே கொண்டுபோக வேண்டும். இந்த வாயுவைக் கடலடியில் புதைக்கும் நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் நிறுவனத்தின் கப்பல்களில் சுமார் 15 பார், மைனஸ் 26 டிகிரி. ஒரு கப்பலுக்கு 7,500 கன மீட்டர். 7 பார், மைனஸ் 50 என்று இறக்கினால் டேங்க் தகடு மெலிதாகும், பெரிய கப்பல் கட்டலாம். ஆனால் உறையும் புள்ளியான மைனஸ் 56.6-க்குப் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள். தவறு நடந்தால் சமாளிக்க இடம் குறைவு.

அதை ஒரு ஜெட்டியில் கண்ணால் பார்த்தேன். லோடிங் முடிந்து, இரண்டு வால்வுகளுக்கு நடுவே குழாயில் மிச்சமிருந்த திரவத்தை வெளியேற்ற வேண்டும். முறைப்படி, மேலே வாயு அழுத்தம் கொடுத்துத் திரவத்தைத் தள்ளிவிட்டு, அதற்கப்புறம்தான் அழுத்தத்தை இறக்க வேண்டும். கரையில் இருந்த ஆள் அவசரப்பட்டு வடிகால் வால்வைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரம் வெள்ளையாகச் சீறியது, பிறகு சட்டென்று நின்றது. அழுத்தம் காட்டும் கேஜில் முள் பூஜ்யத்தில். குழாய் காலி என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாய் இணைப்பை (ஃபிளாஞ்ச்) கழற்ற வந்துவிட்டார். எங்கள் சீஃப் ஆபீசர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். குழாயைப் பாருங்கள் என்றார். ஓர் இடத்துக்கு அந்தப் பக்கம் உறைபனி திட்டாகப் படிந்திருந்தது, இந்தப் பக்கம் ஈரம் மட்டும். நடுவில் டிரை ஐஸ் அடைத்துக்கொண்டிருக்கிறது. கேஜ் காட்டிய பூஜ்யம் அடைப்புக்கு இந்தப் பக்கத்து அழுத்தம். அந்தப் பக்கம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கழற்றியிருந்தால் ஐஸ் கட்டி குண்டு மாதிரிப் பாய்ந்திருக்கும்.

மறுபடி வாயு அழுத்தம் கொடுத்து, தானாகக் கரையும்வரை காத்திருந்தோம். டெர்மினலில் இருந்து போனுக்கு மேல் போன்: அடுத்த கப்பல் வெளியே நிற்கிறது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு, எப்போது கழற்றுவீர்கள்? சீஃப் ஆபீசர் அசையவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. இந்த வாயுவுக்கு மணம் கிடையாது, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். காற்றில் இது 4 சதவீதம் கலந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. அப்போதும் ஆக்சிஜன் 20 சதவீதத்துக்கு மேலேயே காட்டும், அலாரம் அடிக்காது. இந்த வாயுவுக்கென்றே தனி மீட்டர் வேண்டும். 2019 மே மாதம் சீனாவின் லோங்யான் துறைமுகத்தில் ஒரு கப்பலில் 10 பேர் செத்தார்கள். அது இந்த வாயுவை ஏற்றிச் செல்லும் கப்பலே அல்ல. தீயணைக்க வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு கசிந்ததுதான்.

கடலடியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. நார்வேயின் ஸ்லைப்னர் என்ற கடல் எரிவாயு வயலில் 1996-லிருந்து இந்த வாயுவைக் கடலடிக்குள் செலுத்துகிறார்கள். நார்தர்ன் லைட்ஸில் 2025 ஆகஸ்டில், பிரேவிக் சிமெண்ட் ஆலையில் பிடித்த வாயுவைக் கடலடிக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். நடுக்கடலில் போகும்போதும் டேங்க் சும்மா இருக்கும். ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் பயம்.

செலவுக்கு வருவோம். கிட்டத்தில், நிறைய அளவு என்றால் குழாய் மலிவு. தூரம் அதிகம், அளவு குறைவு என்றால் கப்பல். அதே நார்வேயில் பிடிப்பதிலிருந்து புதைப்பதுவரை உள்ள லாங்ஷிப் திட்டத்துக்கு 2020-ல் போட்ட மதிப்பீடு, பத்தாண்டு இயக்கச் செலவையும் சேர்த்து 2,510 கோடி குரோனர். அதில் 1,680 கோடியை அரசு ஏற்றது. அரசு கைகொடுக்காமல் இந்தத் தொழில் இன்னும் தனியாக நிற்காது, இதை மறைத்துப் பேசுபவர்களை நம்பாதீர்கள்.

கப்பலுக்கு மட்டும் காசு போகவில்லை. வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்க மின்சாரம், கப்பல் வரும்வரை வைத்திருக்கக் கரையில் டேங்க், அதற்கு முன்னால் சுத்திகரிப்பு. நார்தர்ன் லைட்ஸ் முதலில் வைத்த வரம்பில் தண்ணீர் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் கூடாது. ஈரத்தோடு கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்தால் அமிலமாகி எஃகை அரிக்கும். இந்த வரம்பைத் தளர்த்தினால் செலவு குறையும் என்று ஆலைக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே மிச்சம் பிடித்ததைக் குழாயும் வால்வும் திருப்பிக் கேட்கும், பக்கத்தில் நிற்பவன் எங்களைப் போல ஒருவன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐஸ் அடைப்பு கரைவதற்காக அன்று ராத்திரி முழுக்க நின்ற எங்களுக்கு, விடிந்தபின் கேட்டுக்கு வெளியே நடந்துவர அந்த டெர்மினல் அனுமதி தரவில்லை. கரையிறங்குவது மாலுமியின் உரிமை என்று சர்வதேச ஒப்பந்தமே இருக்கிறது. பல மாதம் மண்ணை மிதிக்காதவனிடம் நிதானமாக வேலை செய் என்றால் எப்படி?

உங்கள் பிள்ளை சேரும்முன் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் தருவார்களா? சந்தேகம் வந்தால் லோடிங்கை நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா? இரண்டுக்கும் தயங்காமல் ஆமாம் என்றால் தைரியமாக அனுப்புங்கள்.