மிஷன் டிரிப்பில் வீடு பழுதுபார்க்கப் போவது உபயோகமா? போங்கள், சித்தாளாகப் போங்கள்

சர்ச்சிலிருந்து நேபாளத்துக்கு வீடு பழுதுபார்க்கக் கூப்பிடுகிறார்கள், கட்டட வேலை ஒன்றும் தெரியாது, போனால் பிரயோஜனம் உண்டா, இல்லை டிக்கெட் காசை அப்படியே அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராயபுரத்துக்காரன், எங்கள் சபை வாலிபர்களோடு கோர்க்கா மாவட்டத்துக்குப் போயிருக்கிறேன். போகலாம். ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது சித்தாள் வேலைதான், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஆரம்பித்த இடமே கோர்க்கா. அதன் அளவு 7.8, செத்தவர்கள் கிட்டத்தட்ட 9,000 பேர். விழுந்த வீடுகளில் பெரும்பாலானவை மண் சாந்து வைத்துக் கட்டிய கல் வீடுகள். உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். பூமி ஆடியதும் இரண்டு வரிசையும் தனித்தனியாகப் பிரிந்து, சுவர் வயிறு தள்ளிச் சரிந்துவிடும். அதனால் இப்போது சுவரின் முழு அகலத்துக்கும் போகிற நீளக் கல்லை இடையிடையே வைக்கிறார்கள், ஜன்னலுக்குக் கீழே, கதவு ஜன்னலுக்கு மேலே லின்டல் மட்டத்தில், கூரைக்கு அடியில் என்று வீட்டைச் சுற்றி மரத்திலோ கான்கிரீட்டிலோ பட்டை கட்டுகிறார்கள், மேலே முக்கோணமாக எழும்பும் சுவரைக் கல்லில் எழுப்பாமல் தகரத்தில் முடித்துவிடுகிறார்கள். இதெல்லாம் தெரிந்த கொத்தனார் அந்த ஊரிலேயே இருப்பார், நீங்கள் போய்ச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அவருக்குக் கல் எடுத்துக்கொடுக்கத்தான் ஆள் கிடையாது, ஏனென்றால் அந்த மலை ஊர்களில் வேலை செய்கிற வயசுப் பையன்கள் நிறைய பேர் கத்தார், மலேசியா என்று போய்விட்டார்கள். பணம் மட்டும் அனுப்பினால் போதுமா என்றால் அதனால்தான் தயங்குகிறேன், வண்டி போகாத மேட்டுக்குக் கல்லையும் தகரத்தையும் யாராவது சுமக்க வேண்டுமே! மண் குழைப்பது, கல் பொறுக்குவது, பாண்டு சட்டி தூக்குவது, இதற்குப் படிப்பு வேண்டாம். முதுகு வேண்டும்.

அப்புறம், ஊழியம் என்று சொல்லிக்கொண்டு அங்கே போய்ப் பிரசங்கம் பண்ண நினைக்காதீர்கள். மதம் மாற்றுவது நேபாளத்தில் குற்றம், 2018-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை ஜெயில், வெளிநாட்டுக்காரன் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். மாட்டினால் நீங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள், அங்கேயே இருக்கிற உள்ளூர் சபைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். ஆராதனைக்குப் போக ஆசை இருந்தால் சனிக்கிழமை போங்கள், அங்கே வார விடுமுறை அன்றைக்குத்தான், சபையும் அன்றைக்குத்தான் கூடும்.

போட்டோ விஷயம் ஒன்று. அதே 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம வடசென்னைப் பக்கம் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, கேமராவைப் பார்க்கச் சொல்லி நிற்க வைத்தார்களே, அது வாங்கினவர்களுக்கு எப்படி இருந்தது என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். இடிந்த வீட்டு முன்னால் அந்தக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருந்தால் போதும், உங்கள் வயசுக்கு ஆதார் செல்லாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மலைப் பாதை சரியும், அப்போது தேதி வைத்தால் மாற்றச் சொல்லுங்கள். நம்ம தசராவை ஒட்டி அங்கே வரும் தசைன் பண்டிகை நேரமும் வேண்டாம், கொத்தனார் வரமாட்டார், நம்ம ஊர் பொங்கலுக்கு ஆள் கிடைக்காத கதைதான். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நல்ல தோல் கையுறை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் குழுத் தலைவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த வீடு என்று முடிவு செய்வது யார், கொத்தனாருக்குக் கூலி தருகிறார்களா? ஊர்க்காரர்கள் முடிவு செய்கிறார்கள், கூலியும் உண்டு என்றால் தைரியமாகப் பெயர் கொடுங்கள். நாமே போய்ப் பார்த்துக் கட்டிக்கொடுத்துவிடலாம் பிரதர் என்று பதில் வந்தால், காசை அங்குள்ள சபைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் இங்கேயே இருங்கள்.