நிலாவுக்கு காந்தப்புலமே இல்லைன்னா, சூரியக் காற்றை அங்க எது தடுக்குது?

கேள்வி கேட்டவர் சொல்றது என்னன்னா, நிலாவுக்குக் காந்தப்புலம் கிடையாதுன்னு ஸ்கூல்ல படிச்சோம், ஆனா அங்க சில இடத்துல சூரியக் காற்று, அதாவது சூரியன்லேர்ந்து வர்ற துகள் ஓட்டம், தரைக்கு வராம திரும்பிடுதுன்னு செய்தி வருது, இதுல எது சரி?

ரெண்டுமே சரிதாங்க. பூமிக்குள்ள ஓடற மாதிரி டைனமோ, அதாவது உருகின இரும்பு சுழன்று காந்தப்புலத்தை உண்டாக்கற ஏற்பாடு, நிலாவுல இப்ப இல்ல. முன்னாடி, 300 கோடி வருஷத்துக்கும் முன்னாடி, ஒண்ணு ஓடிருக்கு, அப்ப பாறையில பதிஞ்ச காந்தம் இன்னும் திட்டுத் திட்டா மிச்சம் இருக்கு. அப்பல்லோ 12 இறங்கின இடத்துல 38 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கற அலகு), அப்பல்லோ 16 வீரர்கள் கையில கருவியை எடுத்துட்டுப் போய் அளந்ததுல ஒரு இடத்துல 300-க்கும் மேல. பூமியோட தரையில இது 25,000-லேர்ந்து 65,000 வரைக்கும் போகும், அப்ப நிலாவுல இருக்கறது எவ்ளோ கொஞ்சம்னு பாத்துக்குங்க.

நிறைய வீடியோல இதை 'குட்டி பூமிக் கவசம்'னு சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல, விஷயத்தோட அழகே அதுல காணாமப் போயிடுது. சூரியக் காற்றுன்னா புரோட்டானும் எலக்ட்ரானும் கலந்த ஓட்டம், சாதாரணமா செகண்டுக்கு 400 கிலோமீட்டர் வேகம். 100 நானோடெஸ்லா புலத்துல இந்த வேகத்துல வர்ற புரோட்டான் வளைஞ்சு திரும்பணும்னா அதோட வட்டத்துக்கு ஆரம் மட்டுமே 40 கிலோமீட்டருக்கு மேல வேணும். நிலாவோட காந்தத் திட்டுல புலம் மேல போகப் போக சட்டுன்னு குறைஞ்சிடும், அதனால புரோட்டான் வளையறதுக்குள்ள தரையில மோதிடும். காந்தம் மட்டும்னா கணக்கு இடிக்குது.

இங்க வேலை செய்யறது எலக்ட்ரான். புரோட்டானை விட 1836 மடங்கு லேசு, அதே புலத்துல அதோட வட்டம் நூறு மீட்டர் அளவுதான் வரும், அதனால அது உடனே மாட்டிக்கிது. பின்னாடி வர்ற புரோட்டான் கொஞ்ச தூரம் தாண்டிப் போகுது, ஆனா பிளஸ் ஒரு பக்கம் மைனஸ் ஒரு பக்கம்னு பிரிஞ்ச உடனே நடுவுல மின்புலம் உருவாகிடும், அது புரோட்டானை மேல்நோக்கி இழுக்கும். தீபாவளி சமயத்துல இங்க சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல கேம்பல் லேன் கூட்டத்துல கையைப் பிடிச்சுட்டு வர்ற பிள்ளை சிக்கிக்கிட்டா அப்பா எவ்ளோ பலசாலியா இருந்தாலும் நின்னுதான் ஆகணும், அது மாதிரி. அந்த புரோட்டானோட சக்தி 800 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி, அதாவது அதை முழுசா நிறுத்தவே 800 வோல்ட் போதும், அதனால சில நூறு வோல்ட் இருந்தாலே அதோட வேகம் குறையும், திசை மாறும். அதாவது பலவீனமான காந்தம் எலக்ட்ரானைப் பிடிக்குது, எலக்ட்ரான் புரோட்டானைப் பிடிக்குது.

இது வெறும் தியரி இல்ல. 2008-ல இந்தியா அனுப்பின சந்திரயான்-1ல சாரான்னு ஒரு கருவி இருந்துச்சு, சுவீடனும் திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகமும் சேர்ந்து செஞ்சது. தரையில மோதற புரோட்டான்ல ஒரு பகுதி எலக்ட்ரானை வாங்கிக்கிட்டு ஹைட்ரஜன் அணுவா திரும்பத் துள்ளும், அதை எண்ணினா எங்க எவ்ளோ சூரியக் காற்று விழுதுன்னு படமாவே வரைஞ்சிடலாம். நிலாவோட அந்தப்பக்கம் கெராசிமோவிச் பகுதியில அந்த அணுக்கள் குறைஞ்சு கிட்டத்தட்ட 360 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு ஓட்டை தெரிஞ்சுது, அதைச் சுத்தி விலகின காற்று குவிஞ்சு ஒரு வளையம். அதே கருவி, வலுவான திட்டுகளுக்கு மேல சில இடத்துல பாதிக்கும் மேல புரோட்டான்கள் திரும்பறதையும் பார்த்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச அளவீடு இது, இங்க தமிழ்ல இதைப் பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்லைங்கறது வருத்தம்.

இந்த மாதிரி காந்தத் திட்டு இருக்கற சில இடங்கள்ல மண்ணு வெளிறி, சுழி சுழியா இருக்கும். மத்த இடத்துல சூரியக் காற்றும் நுண்கற்களும் தாக்கித் தாக்கி மண்ணுல நுண்ணிய இரும்புத் துகள் உண்டாகி கறுத்துடும், இங்க அது மெதுவா நடக்குதுன்னு பெரும்பாலானவங்க ஏத்துக்கறாங்க. அங்க ஹைட்ராக்சில், அதாவது சூரியக் காற்றோட ஹைட்ரஜன் மண்ணோட ஆக்சிஜன்ல ஒட்டி உண்டாகறது, குறைவா இருக்கறதும் இதுக்குப் பொருந்துது. மின்புலம் மெல்லிய தூசியை ஒதுக்கறதும் ஒரு காரணம்னு சிலர் சொல்றாங்க, வால்மீன் மோதின தழும்புன்னு ஒரு கட்சியும் இருக்கு. சுழிக்கு நடுவுல ஓடற கறுப்புக் கோடுகள், புலம் செங்குத்தா நிக்கற, அதாவது துகள் உள்ள இறங்கக்கூடிய இடங்களோட ஒத்துப்போறதனால நான் முதல் விளக்கம் பக்கம்தான். நேர்ல அளக்கறதுக்குன்னு லூனார் வெர்டெக்ஸ் திட்டத்தை நாசா 2021-ல தேர்ந்தெடுத்துச்சு, அதுக்குக் குறிச்ச இடம் ரெய்னர் காமா, நிலாவோட நம்ம பக்கம் இருக்கற ஒரு சுழி.

அந்த ரெய்னர் காமாவை சிங்கப்பூர்லேர்ந்தே பாக்கலாம். நான் பாக்கறது எங்க வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக் பக்கத்துல மல்ட்டிஸ்டோரி கார்பார்க் மேல்மாடியில, நிலா நல்லா உச்சிக்கு வர்றதால புளோக் எதுவும் மறைக்காது, மேகம் வழி விட்டா சரி. பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி பாருங்க. பௌர்ணமியை ஒட்டி நாலஞ்சு நாள் நிலா பூமியோட காந்த வாலுக்குள்ள, அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கற பூமியோட காந்தப்புலத்துக்குள்ள, இருக்கும், அப்ப சூரியக் காற்று அங்க நேரா படறதில்ல, ஆனா சுழி எப்பவும் போல தெரியும், ஏன்னா அது பல காலமா சேர்ந்த வித்தியாசம். சின்ன டெலஸ்கோப் போதும், கெப்ளர் பள்ளத்துலேர்ந்து வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டை நோக்கிப் போனா ரெய்னர் பள்ளம் வரும், அதைத் தாண்டினதும் நீள்வட்டமா ஒரு வெள்ளைத் தடம். பள்ளத்துக்கு நிழல் இருக்கும், இதுக்கு இருக்காது, அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம்.